கெய்ர்சோப்பாவுக்குக் கரி போதவில்லை

1941-இல் மூழ்கிய எஸ்.எஸ். கெய்ர்சோப்பா என்ற சரக்குக் கப்பலை இணையத்தில் தேடினால் வெள்ளிதான் கொட்டும். அட்லாண்டிக்கின் அடியில் 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து ரோபோ கைகள் தூக்கி வந்த வெள்ளிக் கட்டிகள், சாதனைச் செய்திகள், புதையல் வேட்டைப் படங்கள். நானும் வாய் பிளந்து பார்த்தவன்தான். ஆனால் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஆபீஸில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். எந்தக் கப்பலைப் பற்றிப் படித்தாலும் கை முதலில் மேனிஃபெஸ்டை, அதாவது சரக்குப் பட்டியலைத் தேடும். என்ன சரக்கு, எத்தனை டன், எங்கே ஏற்றி எங்கே இறக்க?

கெய்ர்சோப்பாவின் கடைசிப் பயணத்துச் சரக்கு இது: பிக் அயர்ன் (வார்த்த கட்டி இரும்பு) சுமார் 2,600 டன், தேயிலை 1,765 டன், அப்புறம் இதர சரக்கு 2,000 டன்னுக்கு மேல். வெள்ளியும் உண்டு. எடையை வைத்துப் பார்த்தால் அது மூலையில் கிடக்கிற சில்லறை பார்சல். இந்தக் கப்பலின் தலைவிதியை எழுதிய பொருளோ அந்தப் பட்டியலிலேயே கிடையாது, ஏனென்றால் அது சரக்கில் சேராது. கப்பலின் சொந்த உலைக்கான நிலக்கரியைத்தான் சொல்கிறேன். டார்பிடோ விட்டது ஜெர்மன் நீர்மூழ்கி, அதில் சந்தேகமில்லை. அந்த நீர்மூழ்கியின் முன்னால் இதைத் துணையில்லாமல் தனியாகக் கொண்டுபோய் விட்டது கரி.

முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை மளமளவென்று மூழ்கடித்தன. அந்த இழப்பை ஈடுகட்ட, ஒரே வரைபடத்தை வைத்துப் பல தளங்களில் கப்பல் கட்டும் திட்டம் ஒன்றை பிரிட்டிஷ் அரசு போட்டது. அலங்காரம் இல்லாத, சட்டென்று கட்டக்கூடிய கப்பல்கள். எல்லாவற்றுக்கும் 'வார்' என்று தொடங்கும் பெயர். வடகிழக்கு இங்கிலாந்தில் டைன் நதிக்கரையில், பால்மர்ஸ் கம்பெனியின் தளத்தில் 'வார் ரோபக்' என்று பெயர் குறித்து வைத்திருந்த கப்பல் முடிவதற்குள் போரே முடிந்துவிட்டது. 1919-இல் அது தண்ணீரில் இறங்கியபோது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. கர்நாடகத்து ஜோக் அருவியை அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் கெர்சோப்பா அருவி என்பார்கள். அந்தப் பெயரையே கப்பலுக்கு வைத்துவிட்டார்கள். அருவிக்குக் கீழே ஷராவதிக் கரையில் இருக்கும் கெருசொப்பா, மிளகு ராணி என்று போர்த்துகீசியர்கள் அழைத்த சென்னபைராதேவி ஆண்ட ஊர். மிளகுக்காகக் கப்பல்களை வரவழைத்த இடத்தின் பெயர், எதேச்சையாகத்தான் என்றாலும், ஒரு சரக்குக் கப்பலுக்குப் பொருந்தித்தான் இருக்கிறது.

5,237 டன் (எடை அல்ல, கப்பலின் உள்கொள்ளளவைக் குறிக்கும் பதிவு டன்), 400 அடிக்குச் சற்று முன்பின்னான நீளம், ஒற்றை ப்ரொப்பெல்லர். ஓடினால் மணிக்குப் பத்து நாட்டிகல் மைலை ஒட்டிய வேகம். இன்றைக்கு எண்ணூர் பக்கம் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களோடு பார்த்தால் குட்டிதான். அன்றைக்கு இதுதான் நடுத்தரம்.

பி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட அந்தக் கம்பெனியை நம் ஊரில் தெரியாத குடும்பங்கள் குறைவு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் வாயில் ரஜூலா என்ற பெயர் வராமல் இருக்காது. அந்த ரஜூலா பி.ஐ. கப்பல். கறுப்புப் புகைபோக்கி, அதில் இரண்டு வெள்ளை வளையம். கெய்ர்சோப்பாவுக்கும் அதே புகைபோக்கிதான். ஆனால் ரஜூலாவில் ஆள் ஏறினார்கள், அழுதார்கள், கையசைத்தார்கள், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். கெய்ர்சோப்பாவில் சரக்கு ஏறியது. இந்தியா, தூரக்கிழக்கு, ஆஸ்திரேலியா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று இருபது வருஷம் சுமந்து சுமந்து இறக்கியது, அவ்வளவுதான். சரக்குக் கப்பலின் உழைப்புக்கு நினைவுக் குறிப்பு எழுத ஆள் கிடையாது. ஒழுங்காக வேலை செய்யும் வரை அது செய்தியிலும் வராது.

கட்டிய தளம்கூடக் கப்பலுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. 1930-களின் மந்தத்தில் பால்மர்ஸை மூடினார்கள். அந்தத் தளத்தை நம்பியிருந்த ஜாரோ ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்தது. 1936-இல் சுமார் 200 பேர் அங்கிருந்து லண்டன் வரை நடந்தே போய் மனுக் கொடுத்த ஜாரோ ஊர்வலம் பிரிட்டிஷ் தொழிலாளர் வரலாற்றில் பெரிய சம்பவம். அவர்கள் அறைந்த ஆணிகள் அந்த நேரத்தில் வங்காள விரிகுடாவில் எங்கேயோ பத்திரமாக மிதந்துகொண்டிருந்தன.

சரி, கப்பல் ஓடும் விதத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளாமல் பிப்ரவரி 1941 புரியாது.

மூன்று சிலிண்டர் நீராவி எஞ்சின். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் சின்ன சிலிண்டரில் நுழைந்து பிஸ்டனைத் தள்ளும். மிச்ச அழுத்தத்தோடு நடு சிலிண்டருக்கும், அங்கேயும் மிஞ்சியதோடு பெரிய சிலிண்டருக்கும் போகும். ஒரே நீராவியை மூன்று முறை பிழிந்து வேலை வாங்குகிற ஏற்பாடு. எளிமையானது, எந்தத் துறைமுகத்திலும் பழுது பார்க்கலாம், முரண்டு பிடிக்காது. ஆனால் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த அளவுக் கப்பல் ஒன்று நாளொன்றுக்கு 30 டன் அளவுக்குக் கரி தின்னும். அத்தனையும் ஆள் கையால் அள்ளிப் போட்டது.

அள்ளியவர்கள் யார்? கல்கத்தாவில் ஆள் எடுத்த கப்பல்களில் எஞ்சின் பக்கத்து வேலைக்குப் பெரும்பாலும் சில்ஹெட் (இன்றைய வங்காளதேசம்) மாவட்டத்து முஸ்லிம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். மேல்தளத்து வேலைக்கு நவகாளி, சிட்டகாங் ஆட்கள். ஆங்கிலத்தில் இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக லஸ்கர் என்று பெயர், நம் பக்கம் கலாசி என்போம். இவர்களை மேய்ப்பவர் சாரங்கு. அவருக்குக் கீழே திண்டல். சுக்கான் பிடிக்கிறவர் சுக்கானி. உலையில் கரி போடுகிறவர் ஆக்வாலா, கரியறையிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் கோய்லாவாலா. வேலைக்கு எடுப்பதே சாரங்கு மூலம்தான் என்பதால், முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அவருக்கும் இடைத்தரகருக்கும் போய்விடும். பல பேர் கடனோடுதான் கப்பல் ஏறினார்கள்.

நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம். கீழே போனால் உலைக் கதவைத் திறக்க வேண்டும், ஆட்டத்தின் நடுவே சரியான நொடி பார்த்து மண்வெட்டிக் கரியை உள்ளே வீசிப் பரப்ப வேண்டும், கதவைச் சாத்த வேண்டும். கப்பல் புரளும்போது தவறான நொடியில் திறந்தால் தணல் ஆள் மேல் விழும். எரிந்த கரி உருகிக் கட்டி தட்டிப்போகும், அதைக் கிளிங்கர் என்பார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான இரும்புக் கம்பியை உள்ளே விட்டு அதைக் குத்திப் பெயர்த்து, சிவக்கச் சிவக்கத் தட்டின் மேல் இழுத்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சாம்பலோடு மேலே ஏற்றிக் கடலில் கொட்ட வேண்டும். கரி மட்டமாக இருந்தால் சாம்பல் அதிகம், கிளிங்கர் அதிகம், நீராவி குறைவு. நல்ல வேல்ஸ் கரி போட்டால் கிடைக்கும் தூரத்துக்குச் சாம்பல் மண்டிய கரியில் கூடுதலாகச் சில டன் எரிக்க வேண்டும். புகையும் அடர்த்தியாக எழும். போர்க்காலத்தில் அந்தப் புகையைத் தொடுவானத்துக்கு அப்பாலிருந்தே கண்டுபிடித்துவிடுவான் எதிரி.

இந்த வேலைக்குச் சம்பளம்? போர் தொடங்கிய 1939-இல் இந்தியக் கலாசிக்குக் கிடைத்தது அதே வேலை செய்த வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. படுக்க ஒதுக்கும் இடமும் சட்டப்படியே குறைவு. போர் அறிவித்த கையோடு இந்திய மாலுமிகள் பிரிட்டனின் துறைமுகங்களிலும் வேறு நாடுகளிலும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளத்தைக் கூட்டு, இல்லையேல் கப்பல் நகராது. பல நூறு பேரைச் சிறையில் போட்டார்கள். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தார்கள், கொடுக்காமல் முடியாது. அன்றைக்கு பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் சுமார் நாலில் ஒருவர் இந்தியர். அவர்கள் இறங்கிவிட்டால் லண்டனில் தேநீருக்குத் தேயிலையும் கிடையாது, பீரங்கிக்கு இரும்பும் கிடையாது.

1940 டிசம்பரில் கெய்ர்சோப்பா கல்கத்தாவில் சரக்கு ஏற்றியது. கோயம்புத்தூர் ஃபவுண்டரிக்காரர்களுக்குப் பிக் அயர்ன் என்றால் விளக்க வேண்டியதில்லை. ஊதுலையிலிருந்து நேரே கட்டியாக வார்த்த இரும்பு அது. இடம் அடைக்காது, எடைதான் அசுரத்தனம். ஹோல்டின், அதாவது சரக்கறையின், அடியில் 2,600 டன் அதைப் போட்டுவிட்டால், கப்பல் அடிக்கனமாகி, அலையில் சாய்ந்த வேகத்தில் வெடுக்கென்று நிமிரும். உள்ளே இருப்பவன் எலும்பு எண்ணப்படும். அதற்கு மேல் தேயிலைப் பெட்டிகள். பிரிட்டனில் 1940 ஜூலையிலிருந்து தேயிலைக்கு ரேஷன், ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இந்த ஒரு கப்பலில் இருந்த தேயிலை மூன்று கோடிப் பேருக்கு மேல் ஒரு வார ரேஷன். வெள்ளியைவிட இந்தக் கணக்குதான் எனக்கு மலைப்பாக இருந்தது. நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருடைய ஒரு வாரத் தேநீர் ஒற்றைக் கப்பலில்!

வெள்ளிக்கும் ஒரு பின்னணி உண்டு. பிரிட்டிஷ் வெள்ளி நாணயங்களில் அப்போது பாதிக்குப் பாதி வெள்ளி, போர் நேரத்தில் அவர்களுடைய நாணயச் சாலைக்கு அது தட்டுப்பாடு. அதே 1940-இல் இந்தியாவில் ரூபாய் நாணயத்தின் வெள்ளியை 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். நம் பாட்டிமார் பழைய ரூபாயைச் சுண்டிப் பார்த்து, சத்தம் கேட்டுச் சேர்த்து வைத்ததெல்லாம் இந்தக் காலத்துச் சங்கதி. எப்படியோ, ஒவ்வொன்றும் சுமார் 35 கிலோ எடையுள்ள வெள்ளிக் கட்டிகள் கெய்ர்சோப்பாவில் ஏறின. அதோடு தபால் மூட்டைகள். கேப்டன் ஜெரால்ட் ஹைலண்ட் தலைமையில் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்.

மத்தியதரைக் கடலில் இத்தாலியும் இறங்கிவிட்டதால் சூயஸ் வழி சரக்குக் கப்பலுக்குச் சரிப்படாது. ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு மேற்குக் கரையில் ஃப்ரீடவுன் போய், அங்கிருந்து கூட்டமாகப் போக வேண்டும். எஸ்.எல்.-64 என்ற அந்தக் கான்வாய் 1941 ஜனவரி 30 அன்று ஃப்ரீடவுனிலிருந்து கிளம்பியது. கான்வாய் என்றால் ஏதோ போர்க்கப்பல்கள் சுற்றி வளைத்துக் காக்கிற காட்சி நம் மனதில் வரும். அந்த மாதங்களில் பாதுகாப்பு அரைகுறைதான். எஸ்.எல்.எஸ்.-64 என்ற இன்னொரு மெதுவான கூட்டத்துக்கு அதுவும் இல்லை. பிப்ரவரி 12 அன்று ஜெர்மனியின் அட்மிரல் ஹிப்பர் என்ற போர்க்கப்பல் அதற்குள் புகுந்து ஏழு கப்பல்களை மூழ்கடித்துவிட்டுப் போனது.

ஃப்ரீடவுனிலிருந்து நேர்க்கோட்டில் போனால் தூரம் குறைவு. ஆனால் எதிரி விமானமும் நீர்மூழ்கியும் எட்டாதபடி மேற்கே விலகிச் சுற்றித்தான் போவார்கள். பிப்ரவரி அட்லாண்டிக்கில் எதிர்க்காற்று வேறு. இங்கேதான் கரிக் கணக்கு கழுத்தை நெரிக்கிறது. புயலில் கப்பல் நகராமல் தத்தளித்தாலும் உலை எரிந்தே ஆக வேண்டும். எஞ்சின் நின்றால் கப்பல் குறுக்கே திரும்பி அலையிடம் மாட்டிக்கொள்ளும். எட்டு நாட்டிகல் மைல் போகவேண்டிய மணி நேரத்தில் நாலு போனால், அதே கரிக்குப் பாதித் தூரம். கெய்ர்சோப்பா கழுத்து வரை சரக்கு ஏற்றியிருந்தது. நாளுக்கு நாள் கரியறை காலியாகிக்கொண்டே வந்தது.

பிப்ரவரி 15 அன்று கேப்டன் ஹைலண்ட் கணக்கைப் பார்த்தார். கான்வாயின் வேகத்தோடு ஒட்டிக்கொண்டு போனால் கரி போதாது. பிரிந்து, வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் இருக்கும் அயர்லாந்தின் கால்வே துறைமுகத்துக்குப் போய்ச் சேரலாம். கடலில் கரி தீர்ந்து நிற்பதைவிட அது மேல். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் இதைத் 'துரதிர்ஷ்டமான முடிவு' என்று எழுதுகிறவர்களுக்கு, நின்றுபோன கப்பல் நீர்மூழ்கிக்கு எவ்வளவு சுலபமான இரை என்பது மறந்துவிடுகிறது. முடிவில் கோளாறு இல்லை. கோளாறு எல்லாம் அதற்கு முன்னால், எவ்வளவு சரக்கு, எவ்வளவு கரி, எந்த மாதம் என்று கரையில் உட்கார்ந்து தீர்மானித்த மேஜைகளில் இருக்கிறது. அந்த மேஜைகளின் இன்றைய பேரன் ஒன்றில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

மறுநாள் காலை ஜெர்மன் விமானம் ஒன்று வந்து கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. ஃபோக்கே வுல்ஃப் காண்டோர், நாலு எஞ்சின் பூண்ட நெடுந்தூர வேவு விமானம். அன்று இரவு, ஜெர்மன் கடிகாரத்தில் 17-ஆம் தேதி பிறந்த சமயம், எர்ன்ஸ்ட் மெங்கர்சன் தலைமையிலான யு-101 நீர்மூழ்கி விட்ட டார்பிடோ வலப்பக்கம் இரண்டாம் நம்பர் ஹோல்டில் அடித்தது. கால்வே வளைகுடாவுக்குத் தென்மேற்கே சுமார் 300 மைல். வெடித்த அதிர்ச்சியில் முன் பாய்மரம் சாய்ந்து ஏரியல் கம்பிகளை அறுத்துக்கொண்டு விழுந்தது. அதனால் உதவி கேட்டு ஒரு செய்திகூட வெளியே போகவில்லை. அடியில் இரும்பு கனக்கும் கப்பல் ஓட்டை விழுந்தால் தாங்காது. இருபது நிமிஷத்தில் கதை முடிந்தது.

உயிர்காப்புப் படகுகளை இறக்கினார்கள். அவற்றில் ஒன்றுக்குத்தான் பிறகு என்ன ஆனது என்று தெரியும்: இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ் பொறுப்பேற்ற படகு. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் அதில், பெரும்பாலும் இந்தியர்கள். பாய் கட்டிப் படகோட்டத் தெரிந்தவர் அயர்ஸ் ஒருவர்தான். காற்றை நம்பிக் கிழக்கே திருப்பினார். உலை வெக்கையில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் மெல்லிய பருத்தி உடுப்போடு பிப்ரவரி அட்லாண்டிக்கின் நடுவில், திறந்த படகில். முதல் சில நாளிலேயே குளிரில் கை கால் செத்துப்போக ஆரம்பித்தது. பிஸ்கட் இருந்தது, ஆனால் தொண்டை வறண்டவனுக்கு அது இறங்காது. ஒரு வாரத்தில் குடிதண்ணீர் தீர்ந்தது. கடல் நீரைக் குடித்தவர்களுக்குப் புத்தி தடுமாறியது. ஒவ்வொருவராகச் செத்தார்கள்.

பதின்மூன்று நாள். மார்ச் 1 அன்று கரை தெரிந்தது. இங்கிலாந்தின் தென்கோடி, கார்ன்வாலில் லிஸார்ட் முனை. படகில் உயிரோடு மிஞ்சியிருந்தவர்கள் ஒரு சிலர்தான், அவர்களில் பதினெட்டு வயது ரேடியோ அதிகாரி ஒருவரும் உண்டு. அந்தக் கரை மணற்கரை கிடையாது, பாறையும் நுரையும். கேர்திலியன் என்ற சின்னக் குடாவில் ஒதுங்கப் பார்த்தபோது அலை படகைக் கவிழ்த்தது. எப்படியோ பற்றிக்கொண்டவர்களை அடுத்த அலை பறித்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்திலிருந்து அந்தப் பக்கம் அனுப்பி வைத்திருந்த சிறுமிகள் சிலர் பாறைமேல் நின்று பார்த்துவிட்டு ஓடிப்போய் ஆள் கூட்டி வந்தார்கள். கரைக்காவலர் ஒருவர் கயிற்றோடு இறங்கி ஒரே ஒருவரை உயிரோடு இழுத்தார். அது அயர்ஸ்.

கரை ஒதுங்கியவர்கள் சிலரைப் பக்கத்தில் லாண்டெவெட்னாக் தேவாலயக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அயர்ஸுக்கு அரசு எம்.பி.இ. விருது கொடுத்தது. உடம்பு தேறியதும் மனிதர் மறுபடியும் கடலுக்கே போனார், 1992 வரை வாழ்ந்தார். மெங்கர்சனும் போரைப் பிழைத்தார். யு-101-ஐ 1945 மே மாதம் ஜெர்மானியர்களே மூழ்கடித்துவிட்டார்கள். அந்தப் போரில் பி.ஐ. கம்பெனி மட்டும் இழந்த கப்பல்கள் ஐம்பதை ஒட்டி. அவற்றில் ஒன்று கெய்ர்சோப்பா, வெள்ளி இல்லாவிட்டால் இன்றைக்கு அந்தப் பெயரே யாருக்கும் தெரிந்திருக்காது.

வெள்ளிக்குப் போர்க்கால இடர்க் காப்பீட்டுப் பணத்தை பிரிட்டிஷ் அரசு கட்டிவிட்டது, ஆகவே கடலடியில் கிடந்த வெள்ளி அரசின் சொத்து. எங்கள் தொழிலில் இது பாலபாடம்: நஷ்டஈடு கொடுத்தவனுக்கே மிச்சப் பொருள். 2010-இல் அமெரிக்காவின் ஒடிஸி மரைன் எக்ஸ்ப்ளோரேஷன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். செலவும் ஆபத்தும் நிறுவனத்துடையது, கிடைத்தால் செலவு போக மிஞ்சும் மதிப்பில் 80 சதவீதம் அதற்கு, 20 சதவீதம் அரசுக்கு. 2011-இல் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். டைட்டானிக் கிடக்கும் ஆழத்தைவிட ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அதிகம். கப்பல் கவிழாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது, விலாவில் டார்பிடோ போட்ட ஓட்டை அப்படியே. 2012-இல் 1,218 கட்டிகளும் 2013-இல் 1,574 கட்டிகளும் மேலே வந்தன. மொத்தம் 2,792, எடை ஏறக்குறைய 100 மெட்ரிக் டன். அந்த வெள்ளியில் ஒரு பகுதியை உருக்கி பிரிட்டிஷ் நாணயச் சாலை கால் அவுன்ஸ் நாணயம் அடித்தது. விளிம்பில் கப்பலின் பெயர் பொறித்திருக்கும், சேகரிப்பாளர்கள் இன்றும் வாங்கி விற்கிறார்கள்.

எனக்கு அதைவிடச் சுவாரசியம் தபால். வெள்ளியைத் தேடித் துழாவியபோது அடுக்கிக் கிடந்த கடிதங்களும் அகப்பட்டன, 700-க்கு மேல். காகிதம் எழுபது வருஷம் தண்ணீரில் கிடந்தும் கரையவில்லை! வெளிச்சமே எட்டாத, உயிர்க்காற்று மிகக் குறைந்த குளிர்ச் சேற்றில், மேலே பாரம் அழுத்த, நடுவில் மாட்டிக்கொண்ட கட்டுகள் தப்பின. பதப்படுத்திப் பிரித்து, 2018-இல் லண்டன் தபால் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், தோட்டத் துரைமார் வீட்டுக் கதை, சிப்பாய்களின் காதல் கடிதங்கள். வடமேற்கு எல்லையிலிருந்த சிப்பாய் ஒருவர், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்த பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்காமல் எழுதிய கடிதம் அதில் ஒன்று. அந்தப் பெண்ணுக்கு அதில் எழுதியிருந்தது தெரியவந்தபோது வயது 99.

கலாசிகள் எழுதிய கடிதம் அந்தக் கட்டுகளில் இருக்க வழியில்லை. அது இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன தபால். சில்ஹெட்டுக்கு எழுதுகிறவன் கடிதம் எதிர்த்திசையில் போகும், அதையும் கூட யாரிடமாவது சொல்லி எழுதி வாங்கியிருப்பான். இன்னொன்றும் கவனித்தேன். வெள்ளிக் கட்டி எத்தனை என்றால் எங்கே தேடினாலும் ஒரே எண் வருகிறது. கப்பலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றால் ஒரு பதிவில் 85, இன்னொன்றில் 86.

இத்தனைக்கும் பெயர்ப் பட்டியல் இல்லாமல் இல்லை. இறந்த பிரிட்டிஷ் மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் வெண்கலப் பலகையில் இருக்கின்றன. இந்திய மாலுமிகளுக்குப் பலகை கிடையாது, புத்தகம். இரண்டாம் உலகப் போரில் கடலோடு போன இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள் என்று 6,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் அடங்கிய நினைவேடு ஒன்று சிட்டகாங் போர்க் கல்லறையிலும், இன்னொன்று மும்பையின் இந்திய மாலுமிகள் இல்லத்திலும் இருக்கிறது. கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் லஸ்கர்களுக்கென்று உயரமான ஒரு தூண் நிற்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது 1924-இல் திறந்தது, முதல் போரில் செத்த 896 பேருக்கு. இரண்டாவது போருக்கு அப்படி ஒன்று எழவில்லை. அந்த நினைவேட்டை நேரில் புரட்டும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது, ஆனால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அதே பெயர்கள் இருக்கின்றன. தேடுபொறியில் ஆளின் பெயரைப் போட்டால் ஒரே மாதிரிப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் வந்து குழப்பும். கப்பலின் பெயரையும் 1941 பிப்ரவரி என்ற மாதத்தையும் போட்டுத் தேடுங்கள், சுலபம்.